குறைத்த நிறையைத் தக்கவைத்தல்: கலோரிக் கட்டுப்பாடு முடிந்த பின் வரும் மாதங்களுக்கான வழிகாட்டி

கலோரி எண்ணிச் சாப்பிட்டு, நினைத்த நிறைக்கு வந்து சேர்ந்த ஒருவருக்கு மறுநாள் காலை எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. முதல் முறை நான் 82 கிலோவிலிருந்து 69 கிலோவுக்கு இறங்கியபோது, உணவு அட்டவணை எழுதித் தந்த இடத்தில் "இனிப் பிரச்சினை இல்லை, அளவாகச் சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அளவு என்றால் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குள் 79 கிலோவுக்குத் திரும்பியிருந்தேன். இரண்டாம் முறை குறைத்த நிறையை இப்போது நான்கு வருடங்களாக, பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ கூடியும் குறைந்தும், அதே இடத்தில் வைத்திருக்கிறேன். என் மன உறுதி முன்னரும் இவ்வளவுதான் இருந்தது. கட்டுப்பாடு முடிந்த பின் வந்த முதல் ஆறு மாதங்களை நடத்திய விதம் மட்டுமே மாறியது. திருகோணமலையில் என்னைப் போல இந்த இடத்தில் வந்து நிற்கும் பலரை அறிவேன் என்பதால், அந்த விதத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. நிறை கூடிய காலத்தில் நாம் சாப்பிட்டது ஓர் அளவு. குறைத்த காலத்தில் சாப்பிட்டது இன்னோர் அளவு. இந்த இரண்டுக்கும் நடுவில், நாம் வாழ்க்கையில் ஒரு நாளும் தொடர்ந்து சாப்பிட்டிராத மூன்றாவது அளவு ஒன்று இருக்கிறது. நிறையைத் தக்கவைத்தல் என்பது அந்த மூன்றாவது அளவைக் கண்டுபிடித்து, அதைப் பழக்கமாக்கிக் கொள்வது. அது பழைய அளவுக்கு அல்ல, குறைப்புக் கால அளவுக்கே மிகவும் கிட்டத்தில் இருக்கிறது என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது.

உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது எவ்வளவு

அந்த அளவைக் கண்டுபிடிக்கச் சூத்திரங்களும் கைப்பேசிச் செயலிகளும் உள்ளன. ஆனால் உங்களுடைய கடைசி நான்கு கிழமைக் குறிப்பேடு அவை எல்லாவற்றையும் விட நம்பத்தக்கது. உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைவதற்கு ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. கட்டுப்பாட்டின் கடைசி 28 நாட்களில் நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று எழுதி வந்தீர்கள், அந்தக் காலத்தில் 1.2 கிலோ இறங்கியது என்று வைத்துக் கொள்வோம். 1.2 ஐ 7,700 ஆல் பெருக்கினால் 9,240. அதை 28 ஆல் வகுத்தால் 330. ஆகவே நிறை நிலையாக நிற்க நீங்கள் சாப்பிட வேண்டியது ஏறக்குறைய 1,830 கலோரி.

இந்த வழியில் எனக்குப் பிடித்த நன்மை ஒன்று உண்டு. எண்ணும்போது நாம் எல்லோரும் ஏதோ ஒன்றை விட்டுவிடுகிறோம்: தாளித்த எண்ணெய், ருசி பார்த்த ஒரு கரண்டி, பிள்ளையின் தட்டில் மிஞ்சியது. உண்மையில் 1,700 கலோரி சாப்பிட்டு 1,500 என்று எழுதியிருக்கலாம். ஆனால் அதே பிழையோடு தொடர்ந்து எண்ணும் வரை, உங்கள் குறிப்பேட்டில் 1,830 என்று எழுதப்படும் சாப்பாடு உங்கள் உடலுக்குச் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அளக்கும் கோல் மாறவில்லை.

இப்போது அந்த 330 கலோரியைச் சாப்பாடாக நினைத்துப் பாருங்கள். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி இருக்கிறது. ஒரு தேநீர்க் கோப்பை அளவு, அதாவது 150 கிராம் சோறும், கொழுப்புக் குறைந்த மீன் 100 கிராமும் சேர்ந்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நாள் முழுவதற்கும் கூடக் கிடைப்பது அவ்வளவுதான். அதே 330 கலோரி, தட்டில் எதுவும் கூடியதாகத் தெரியாமலும் போகலாம்: கறிக்கு மேலதிகமாக ஊற்றிய ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் 120, பின்னேரம் கொறித்த 30 கிராம் கச்சான் (நிலக்கடலை) 170, தேநீருக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்ட மூன்று தேக்கரண்டி சீனி 50. முதல் முறை நான் இழந்தது இந்த இரண்டாவது வகையில்தான். சோற்றைக் கூட்டவேயில்லையே, நிறை எப்படி ஏறுகிறது என்று மாதக்கணக்கில் குழம்பினேன்.

முதல் மூன்று கிழமைகள்

கட்டுப்பாடு முடிந்து சோறு கூடிய முதல் கிழமையிலேயே தராசு ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம், ஏனென்றால் இந்த இடத்தில் பயந்துபோய்ப் பட்டினி கிடந்து, பிறகு தாங்காமல் அள்ளிச் சாப்பிட்டு, முழு முயற்சியையும் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாப்பொருள் குறைவாகச் சாப்பிடும் காலத்தில் ஈரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாப்பொருள் சேமிப்புக் குறைந்து போகிறது. சோறு கூடியதும் அது மீண்டும் நிரம்புகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். குடலில் நிற்கும் உணவின் பாரமும் சற்றுக் கூடும். ஆகவே ஏறியது தண்ணீரும் உணவும். கொழுப்பு ஒரு கிழமையில் இரண்டு கிலோ சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 15,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும்.

இந்தக் காரணத்தால், நீங்கள் காக்கப் போகும் நிறையைக் கட்டுப்பாட்டின் கடைசி நாள் நிறையாக எழுதி வைக்காதீர்கள். மூன்று கிழமை பொறுத்து, தராசு அமைதியான பின் வரும் ஏழு நாள் சராசரியை உங்கள் நிலை நிறையாகக் கொள்ளுங்கள். இரண்டாம் முறை 69 இல் முடித்த எனக்கு அது 70.2 ஆக வந்தது. அதையே என் நிறையாக ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது.

உப்பும் இதே குழப்பத்தைச் செய்யும். மாரிகாலத்தில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும்போது நம் வீடுகளில் கருவாடு அதிகம் புழங்கும். நெத்தலிக் கருவாட்டுப் பிரட்டல் சாப்பிட்ட மறுநாள் காலை தராசு ஒரு கிலோ வரை கூடக் காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டொரு நாளில் இறங்கிவிடும். ஆனால் உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இரத்த அழுத்தத்தை மனத்திற் கொண்டுதான் என்பதால், கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமைப்பது எப்படியும் நல்லது. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னைய நாட்களிலும் தண்ணீர் தங்கும். ஆகவே ஒரு மாதத்தின் நிறையை முந்தைய மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிட வேண்டும்.

எப்படிக் கூட்டுவது, எதைக் கூட்டுவது

கணக்கில் வந்த 330 கலோரியை ஒரே நாளில் சேர்க்கலாம். உடலுக்குக் கெடுதி எதுவும் இல்லை. நான் பரிந்துரைப்பது, நாளொன்றுக்கு 100 கலோரி வீதம் கூட்டி, அதே அளவில் இரண்டு கிழமை நின்று, சராசரி நிறையைப் பார்த்து, பிறகு அடுத்த 100 ஐக் கூட்டுவது. மெதுவாகக் கூட்டினால் உடலின் எரிப்பு வேகம் ஏறிவிடும் என்று சிலர் சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை, அந்த எதிர்பார்ப்போடு இதைச் செய்யவும் வேண்டாம். மெதுவாகக் கூட்டுவதன் பயன் வேறு: எந்தச் சாப்பாடு கூடியபோது நிறை அசைந்தது என்பது தெளிவாகத் தெரியும், கையும் கண்ணும் புதிய அளவுக்குப் பழகும். மூன்று படிகளுக்கு ஆறு கிழமை ஆகும்.

எதைக் கூட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. முதல் 100 கலோரியைப் புரதத்துக்குக் கொடுங்கள். நிறை குறையும்போது கொழுப்போடு தசையும் சிறிது போய்விடுகிறது. அதைக் காக்கவும் மீட்கவும் புரதம் வேண்டும். அத்துடன், புரதத்தைச் செரிக்க உடல் அதன் கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் செலவிடுகிறது, வயிறும் நெடுநேரம் நிறைந்திருக்கும். சிறுநீரக நோய் இல்லாதவர்கள் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதத்தை இலக்காக வைத்துக் கொள்ளலாம். 70 கிலோ நிறை உள்ளவருக்கு அது 84 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சூரை, பாரை, சாளை எல்லாம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஊர் இது. மாரியில் முட்டை, பருப்பு, அவித்த கடலை, பயறு ஆகியவற்றால் அந்த இடத்தை நிரப்பலாம். மரக்கறி மட்டும் உண்பவர்கள் பருப்புக் கறியைச் சொதி போலத் தண்ணீராக்காமல் கெட்டியாக வைத்து, ஒரு நேரத்துக்குப் பதில் இரண்டு நேரமும் சேர்த்துக் கொண்டால் பெரும் பகுதி நிறைவேறும்.

இரண்டாவது 100 சோற்றுக்கோ புட்டுக்கோ போகட்டும். மூன்றாவது 100 ஐ உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரை அறவே விட்டுவிட்டு ஒரு வருடம் இருந்தேன், அது தேவையற்ற கடுமை. எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம் இருப்பது உண்மைதான். பாணி ஊற்றாமல் ஒரு சிறு கிண்ணம் தயிர், கிழமையில் இரண்டு நாள், எந்தக் கணக்கையும் கெடுக்காது.

தேங்காயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலில் கலோரி ஒளிந்திருக்கும் இடம் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவி முடித்ததும் தேங்காய்ப்பூவை அப்படியே சமையல் தராசில் வைத்தேன். 230 கிராம் காட்டியது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கலோரி இருப்பதால், அந்த ஒரு தேங்காயில் 800 கலோரி இருந்தது. எங்கள் வீட்டில் நால்வர். காலைச் சம்பலுக்கும் மத்தியானக் கறிக்கும் இரவுச் சொதிக்குமாக ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் உடைப்போம். பிழிந்த சக்கையோடு ஒரு பகுதி வெளியே போனாலும், ஆளுக்கு நூற்றைம்பதுக்குக் குறையாமல் உள்ளே போகிறது. கட்டுப்பாட்டுக் காலத்தில் எனக்கு மட்டும் தனிச் சமையல் நடந்ததால் இது என் கணக்கில் வராமலே இருந்தது. கட்டுப்பாடு முடிந்து வீட்டுச் சட்டிக்குத் திரும்பிய அன்றே, நான் கூட்டத் திட்டமிட்டிருந்ததில் பாதி நிரம்பிவிட்டது. அதன் பிறகு வீடு முழுவதற்கும் ஒரு தேங்காயை ஒன்றரை நாளுக்கு என்று வைத்தோம். முதற்பாலைக் கறி இறக்கும் நேரத்தில் அளந்து ஊற்றுவது, ஒரு நேரம் பாற்கறி வைத்தால் மறுநேரம் வறையோ புளிக்கறியோ வைப்பது, சம்பலில் தேங்காய்ப்பூவைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டுவது என்று அம்மா தாமே வழி கண்டுபிடித்தார். சமைப்பவரை இந்தக் கணக்கில் பங்காளி ஆக்காமல் யாரும் நிறையைத் தக்கவைக்க முடியாது என்று அன்று புரிந்துகொண்டேன்.

பசி ஏன் அடங்கவில்லை

கட்டுப்பாடு முடிந்த பிறகும் பசி முன்னைவிடக் கூடுதலாக இருப்பது உங்கள் பலவீனம் என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். மெல்பேர்ணில் பிரியா சுமித்ரனும் உடன் ஆய்வாளர்களும் 50 பேரைப் பத்துக் கிழமை கடுங்கட்டுப்பாட்டில் வைத்து நிறையைக் குறைத்து, ஒரு வருடம் கழித்து மீண்டும் சோதித்து, 2011 இல் வெளியிட்ட ஆய்வில், பசியைத் தூண்டும் கிரெலினும் நிறைவை உணர்த்தும் லெப்டினும் வேறு சில ஹோர்மோன்களும் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் நாட்செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது என்றும், பசியோ நாளொன்றுக்கு 100 கலோரி அளவுக்கு மேல்நோக்கித் தள்ளுகிறது என்றும் கெவின் ஹோல் குழுவினர் 2016 இல் கணக்கிட்டார்கள். எரிப்பு குறைந்துவிட்டதே என்று கவலைப்படுவோர் பலர்; உண்மையில் நம்மைத் திரும்ப இழுப்பது பசியே என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது.

ஆகவே ஏற்பாடுகள் எல்லாம் பசியை நோக்கியே இருக்க வேண்டும். தட்டில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் கொடுப்பது, முருங்கைக்கீரையோ பொன்னாங்காணியோ வறையாகத் தினமும் ஒரு நேரமாவது இருப்பது, மூன்று நேரச் சாப்பாட்டையும் நேரத்துக்குச் சாப்பிடுவது, பின்னேரம் நான்கு மணிப் பசிக்கு முன்கூட்டியே ஏதாவது வைத்திருப்பது ஆகியவை சாதாரணமாகத் தோன்றினாலும் வேலை செய்கின்றன. எனக்கு அந்த நான்கு மணிதான் ஆபத்தான நேரம். அலுவலகத்திலிருந்து வரும் வழியில் தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸும் பற்றிஸும் சூடாக அடுக்கியிருக்கும். பசியோடு அந்தக் கடையைக் கடப்பதற்கும், மூன்றரைக்கே ஒரு கிண்ணம் அவித்த கடலை சாப்பிட்டுவிட்டுக் கடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே ஒரு கிழமை சோதித்துப் பாருங்கள். நித்திரை குறைந்தால் பசி கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவு ஏழு மணித்தியாலமாவது படுக்க வேண்டும்.

நடை

நிறையைக் குறைப்பதில் உடற்பயிற்சியின் பங்கு சிறியது. குறைத்த நிறையைக் காப்பதில் பெரியது. அமெரிக்காவில் 1994 இல் தொடங்கப்பட்ட ஒரு பதிவேட்டில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் குறைத்து ஒரு வருடமாவது அதைக் காத்தவர்கள் மட்டுமே சேர்க்கப்படுகிறார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட பழக்கங்களில் ஒன்று நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் அளவிலான உடலுழைப்பு. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் என்பதன் மேல் எல்லைக்கு அருகில் இருப்பதே நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது. 70 கிலோ நிறை உள்ளவர் ஒரு மணித்தியாலம் விறுவிறுப்பாக நடந்தால், சும்மா இருக்கும்போது செலவாவதற்கு மேல் ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். இரவில் ஒரு கொத்துறொட்டி அதைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதால், நடையைச் சாப்பாட்டுக்கான அனுமதிச் சீட்டாகக் கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் நடப்பதற்குப் பருவம் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றும் வெயிலும் சேர்ந்து காலை எட்டு மணிக்கே உடம்பை வாட்டிவிடும். அந்த மாதங்களில் ஐந்தரைக்கெல்லாம் புறப்பட்டுவிட வேண்டும். நான் கோட்டை வாசலால் உள்ளே போய், கோணேசர் கோயில் வரை ஏறும் வீதியில் நடப்பேன். விடியும் நேரத்தில் மரங்களின் கீழ் மான்கள் படுத்திருக்கும். ஆள் நடமாட்டத்துக்கு அவை எழும்புவதுகூட இல்லை. ஏற்றத்தில் மூச்சு சற்று வாங்க வேண்டும், ஆனால் பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். அதுவே சரியான வேகம். மலையடிவாரத்துக் கடற்கரை மணலில் நடந்தால் அதே தூரத்துக்கு உழைப்புக் கூடும், முழங்கால் நோவு உள்ளவர்கள் அதைத் தவிர்க்கலாம். ஒக்டோபருக்குப் பின் மழை தொடங்கினால் பல நாள் வெளியே இறங்க முடியாது. அந்த மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் செய்யக்கூடிய ஒன்றை மழை வருவதற்கு முன்னரே பழகிவைக்க வேண்டும். என் முதல் தோல்வியின் ஏறுமுகம் ஒரு நவம்பரில்தான் தொடங்கியது. கதிரையில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது ஆகியவற்றை ஒவ்வொன்றும் பத்துத் தடவை, மூன்று சுற்று, கிழமையில் இரண்டு நாள் செய்தால் தசைக்கும் அது போதுமான தொடக்கம்.

எண்ணுவதை எப்படி விடுவது

காலம் முழுவதும் கலோரி எண்ணிக் கொண்டிருக்க யாராலும் முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரே நாளில் விடுவது தவறு. ஆறு கிழமைக் கூட்டல் முடியும் வரை முழுதாக எண்ணுங்கள். அதன் பிறகு உங்கள் வீட்டு அகப்பையையும் தட்டையும் தராசாக மாற்றிக் கொள்ளுங்கள். எங்கள் வீட்டு அகப்பை ஒன்று தட்டையாக அள்ளினால் 75 கிராம் சோறு. எனக்கு மத்தியானம் மூன்று அகப்பை, இரவில் இரண்டு. இடியப்பம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவில் பிழியப்படுவதால், பத்து இடியப்பத்தை ஒன்றாக நிறுத்து, ஒன்றின் நிறையை ஒரு முறை தெரிந்து கொண்டால் போதும். காலையுணவு நாளுக்கு நாள் அதிகம் மாறாது என்பதால் முதலில் அதை எண்ணுவதை நிறுத்துங்கள், ஒரு மாதம் கழித்து மத்தியானத்தை, கடைசியாக இரவை. எண்ணெய், தேங்காய், கச்சான், கஜு, சீனி, பால்மா ஆகிய ஆறை மட்டும் எப்போதும் கரண்டியால் அளந்தே எடுங்கள். கண்ணளவு பிழைத்தால் பெரிய அளவில் பிழைப்பது இவற்றில்தான். நான் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிறேன். அகப்பை எப்போதும் சற்றுக் குவிந்தே போயிருக்கும்.

சொந்தக்காரர்களும் விசேடங்களும்

நிறை குறைந்தவரை நம் ஊரில் யாரும் உடனே பாராட்டுவதில்லை. "என்ன பிள்ளை, இப்பிடி வத்திப் போனாய், ஏதும் வருத்தமோ?" என்று மாமி கேட்டபோது அவரது குரலில் இருந்தது உண்மையான பயம். மெலிவு என்றால் நோய் அல்லது கஷ்டம் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை அது. போரும் இடம்பெயர்வும் பட்டினியும் கண்டவர்கள். ஆகவே அவர்களோடு வாதாடாதீர்கள். "வருத்தம் ஒண்டுமில்லை மாமி, சீனி வராமல் இருக்கத்தான்" என்று சொன்னால் போதும், அந்தக் காரணம் எல்லோருக்கும் விளங்கும். சாப்பிட வற்புறுத்தும் வீட்டில் மறுப்பதைவிட, முதலில் குறைவாகப் போடச் சொல்லி, இரண்டாம் தடவை கேட்கும்போது மீன் துண்டும் கீரையும் வாங்கிக் கொள்வது பரிமாறுபவருக்கும் திருப்தி.

விசேட நாட்களில் எண்ண வேண்டாம். பொங்கலன்று பொங்கலும், நண்பர் வீட்டுப் பெருநாளில் வட்டிலப்பமும் சாப்பிடுவது வாழ்க்கை. ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்டதால் யாருடைய நிறையும் நிரந்தரமாக ஏறியதில்லை. பலகாரத் தட்டு வீட்டில் நிற்கும் அடுத்த நான்கு நாட்களே ஆபத்து. மறுநாள் காலையே அதைப் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். கந்தசட்டி போன்ற விரதங்களையும் றமழான் நோன்பையும் நிறைக் கணக்கோடு கலக்காமல், பாறணையிலும் நோன்பு திறக்கும்போதும் கஞ்சியோ சோறோ உங்கள் வழக்கமான அளவில் எடுத்து, எண்ணெய்ப் பலகாரத்தை ஒன்றோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

தராசும் எல்லைக் கோடும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே பின்பற்றுவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: தினமும் காலையில், மலசலம் கழித்த பின், எதுவும் குடிக்கும் முன், ஒரே தராசில், அது கட்டாந்தரையில் இருக்க, நிறுத்து எழுதுங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் பொருட்படுத்துங்கள். ரீனா விங்கும் உடன் ஆய்வாளர்களும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே நிறையைக் குறைத்திருந்த 314 பேரில் ஒரு பகுதியினருக்கு நிறையை அடிக்கடி பார்த்து, சிறு ஏற்றத்திலேயே திருத்திக் கொள்ளும் முறையைக் கற்பித்தார்கள். நேரில் கூடிக் கற்ற குழுவினர் 18 மாதத்தில் சராசரியாக 2.5 கிலோ திரும்ப ஏறியிருந்தார்கள், கற்பிக்கப்படாதவர்கள் 4.9 கிலோ. ஏற்றத்தை முற்றாகத் தடுப்பது கடினம் என்பதையும், பாதியாக்க முடியும் என்பதையும் இது ஒருசேரக் காட்டுகிறது.

என் எல்லைக் கோடுகள் இவை. சராசரி, நிலை நிறையிலிருந்து ஒன்றரைக் கிலோ ஏறினால் அந்தக் கிழமை முழுதாக எண்ணத் தொடங்குவேன்; பெரும்பாலும் காரணம் மூன்று நாளில் தெரிந்துவிடும். இரண்டரைக் கிலோ ஏறினால் கட்டுப்பாட்டுக் கால அளவுக்கே திரும்பி, நிலை நிறைக்கு வரும் வரை அதில் நிற்பேன். நான்கு வருடத்தில் இரண்டு தடவை அப்படித் திரும்ப நேர்ந்தது, ஒவ்வொன்றும் ஆறு, ஏழு கிழமையில் முடிந்தது. கீழ்ப்பக்கமும் ஒரு கோடு வேண்டும். நிறை தொடர்ந்து இறங்கினாலோ, முடி கொட்டினாலோ, மாதவிடாய் தவறினாலோ, சாப்பாட்டு நினைவே நாள் முழுவதும் ஆட்கொண்டாலோ நீங்கள் சாப்பிடுவது போதாது. கூட்டிச் சாப்பிடவும் வைத்தியரைப் பார்க்கவும் வேண்டும். தினமும் நிறுப்பது மனத்தை வாட்டுகிறது என்றால் கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்து, இடுப்புச் சுற்றளவை அளந்து வாருங்கள். நம் இனத்தவருக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது.

நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன்பே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். நிறை குறைந்தபோது குறைக்கப்பட்ட மருந்து, சோறு கூடும்போது போதாமல் போகலாம். இன்சுலின் போடுபவர்கள் இதைத் தாங்களாகத் தீர்மானிக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இங்கே சொன்ன கணக்குகள் பொருந்தா. மற்றவர்கள் கூட்டல் தொடங்கும் நாளிலும், ஆறு மாதம் கழித்தும், வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ரரோல், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து, நிறை எழுதும் அதே கொப்பியில் திகதியோடு குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.